மே தின ஓட்டம், கிருஷ்ணகிரி: திரும்பி வரும் வழியில் தண்ணீர் இல்லை

ராயக்கோட்டை ரோடு
மே 1, மாலை 6:20

காலையில் ஓடியது. உட்கார்ந்து எழுதும் அளவுக்கு இப்போதுதான் தெம்பு வந்திருக்கிறது. நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 43. ஓட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. விடியற்காலையில் அவதானப்பட்டி ஏரி வரை போய்த் திரும்புவது வழக்கம். பெங்களூரில் ஒன்று, சேலத்தில் ஒன்று என இரண்டு ஹாஃப் மாரத்தான் (21.1 கிலோமீட்டர்) முடித்திருக்கிறேன். இரண்டரை மணி நேரத்தை ஒட்டி முடிக்கிற ஆள். நம் ஊரிலேயே, நான் தினமும் ஓடுகிற ரோட்டிலேயே 21 கிலோமீட்டர் ஓட்டம் வைக்கிறார்கள் என்று தெரிந்ததும் முதல் நாளே 600 ரூபாய் கட்டிப் பெயர் கொடுத்துவிட்டேன். அம்மாவும் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் ஃபினிஷில் வந்து நிற்பதாகப் பேச்சு. என் அம்மா நான் ஓடி இதுவரை பார்த்ததில்லை.

ஸ்டார்ட் 5:30 என்று போட்டிருந்தார்கள். மே மாதத்துக்கு அது சரியான நேரம்தான். நாங்கள் 4:45-க்கே மைதானத்தில் இருந்தோம். 6 மணி வரை மைக் டெஸ்ட் நடந்தது. சிறப்பு விருந்தினர் 6:15-க்கு வந்தார். பிறகு வரவேற்புரை, மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் போட்டோ. கொடி அசைத்தபோது என் வாட்ச்சில் 6:42. வெயில் முகத்தில் அடிக்க ஆரம்பித்திருந்தது. அக்னி நட்சத்திரத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது 72 நிமிடம் தாமதம் என்றால், அது அத்தனையும் ஓடுகிறவன் உடம்பிலிருந்துதான் கழியும்.

போகும்போது 3, 6, 9 கிலோமீட்டரில் தண்ணீர் இருந்தது. 9-வதில் கேனைச் சாய்த்துப் பிடித்து அரை டம்ளர் கொடுத்தார்கள். அணைப் பக்கம் போய் யூ டர்ன் எடுத்துத் திரும்பினால், அதே டேபிள்கள் காலி. முதலாவதில் வெறும் கேன்கள். அடுத்ததில் ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். “தீந்துடுச்சுண்ணா” என்றான், அவ்வளவுதான். கடைசி டேபிளில் ஆளே இல்லை, மேஜை விரிப்பு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஃபினிஷ் வரை ஒரு சொட்டு கிடையாது. பக்கத்தில் ஓடியவர் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். ஒரு தோப்பு ஓரம் மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எங்களைக் கூப்பிட்டு, அவர்கள் குடிக்க வைத்திருந்த குடத்திலிருந்து ஆளுக்கு ஒரு சொம்பு கொடுத்தார்கள். அந்தத் தண்ணீர் இல்லையென்றால் நான் முடித்திருக்க மாட்டேன். அவர்கள் யாரென்றுகூடக் கேட்கவில்லை.

ஃபினிஷ் கோட்டைத் தொட்டபோது வாட்ச்சில் 19.5 கிலோமீட்டர். 21.1 ஓடத்தானே வந்தேன்? கேட்டால் “வாட்ச் தப்பா இருக்கும் சார்” என்கிறார்கள். மெடல் தீர்ந்துவிட்டது, முகவரி எழுதிக் கொடுத்தால் கொரியரில் வரும் என்றார்கள். பந்தியில் பொங்கல் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனையிலும் ஒன்றுதான் மனதைக் குடைகிறது. முதலில் ஓடியவர்களுக்கு எல்லாம் கிடைத்தது. ஒரு மணி நாற்பது நிமிடத்தில் முடித்தவன் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டான். மூன்று மணி நேரம் ரோட்டில் கிடக்கிறவனுக்குத்தான் தண்ணீர் அதிகம் வேண்டும். அவனுக்குத்தான் இல்லை. இன்று ஓடிய மற்றவர்களும் எழுதுங்கள். எனக்கு மட்டும்தான் இப்படியா?

ஓசூர் ஷிப்ட்
மே 1, இரவு 8:05

உங்களுக்கு மட்டும் இல்லை அண்ணா. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக பஸ் ஏறி வந்தேன். என் வாட்ச்சில் 19.4, கூட வந்த நண்பனுக்கு 19.5. மூன்று வாட்ச்சும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டுமா?

எனக்கு மெடல் கிடைத்தது. ஆனால் அதில் 10 கிலோமீட்டர் என்று பொறித்திருக்கிறது.

ஊத்தங்கரை டீச்சர்
மே 1, இரவு 9:30

நான் 10 கிலோமீட்டர் ஓடினேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, கழிப்பறை. பெண்கள் நூறு பேருக்கு மேல் இருந்தோம். திறந்திருந்தது ஒரே ஒரு கழிப்பறை, அதிலும் குழாயில் தண்ணீர் இல்லை. 4:30-க்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, ஸ்டார்ட் எப்போது என்று தெரியாமல் ஒன்றரை மணி நேரம் நிற்கிறோம். என் அருகில் இருந்த பெண், போக இடமில்லை என்பதால் தண்ணீரே குடிக்காமல் ஓட்டத்துக்கு நின்றாள். கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பெண்களுக்குப் பள்ளியிலிருந்தே வந்த பழக்கம். வகுப்பறையில் தினமும் பார்க்கிறேன். ஓட்டம் வைப்பவர்களில் ஒரு பெண் இருந்திருந்தால் இது முதல் கேள்வியாக வந்திருக்கும்.

இரண்டாவது, அந்தச் சிறுமி. அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, வெறுங்காலில் ஓடியவள். நான்காவது கிலோமீட்டர் வரை பெண்களில் முதலாவதாக ஓடினாள். எனக்கு வெகுதூரம் முன்னால், அவளுடைய பச்சை ரிப்பன் மட்டும் தெரிந்தது. 10 கிலோமீட்டர்காரர்கள் ஐந்தாவது கிலோமீட்டரில் திரும்ப வேண்டும். அங்கே ஆள் இல்லை. அம்புக்குறி போட்ட அட்டை கீழே விழுந்து கிடந்தது. அவள் 21 கிலோமீட்டர்காரர்கள் நடுவில் ஓடிக்கொண்டிருந்ததால் நேராகப் போய்விட்டாள். நான் வருவதற்குள் டீக்கடைக்காரர் ஒருவர் ரோட்டில் இறங்கி நின்று, பனியனில் குத்திய நம்பரின் நிறத்தைப் பார்த்துப் பார்த்துத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். அவர் இல்லாவிட்டால் நானும் அணைக்குத்தான் போயிருப்பேன்.

சிறுமி ஆறாவது கிலோமீட்டரில் திரும்பினாளாம். ஆக, 12 கிலோமீட்டர் ஓடி ஏழாவதாக வந்தாள். அவளுடைய உடற்கல்வி ஆசிரியர் மேடைக்குப் போய்ப் பேசினார். “ரூட் தெரிஞ்சு ஓடறது ஓடறவங்க பொறுப்பு” என்று பதில் வந்தது. அவள் அழவில்லை. வாட்ச் இருந்த ஒருவரிடம், “10 கிலோமீட்டர் எந்த நேரத்தில் தாண்டினேன் என்று தெரியுமா?” என்று கேட்டாள். அவருக்கு எப்படித் தெரியும்?

பர்கூர் மாந்தோப்பு
மே 2, காலை 7:10

எல்லாம் படித்தேன். வருத்தம்தான். ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்து.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். இத்தனை வருடத்தில் நம் ஊர்க்காரர்கள் ஒரு ஓட்டத்தில் ஓட வேண்டும் என்றால் பெங்களூருக்கோ சேலத்துக்கோ சென்னைக்கோதான் போக வேண்டியிருந்தது. யாரோ நான்கு பேர் கைக்காசு போட்டு முதல் முறையாக முயற்சி செய்திருக்கிறார்கள். பெங்களூர் ஓட்டங்களுக்குப் பெரிய கம்பெனிகள் பணம் கொடுக்கும், தொழில்முறை ஆட்கள் நடத்துவார்கள். இங்கே ரோட்டில் கோடு போடவே ஆள் கிடையாது. நாம் இப்படி வரிசையாகத் திட்டினால் அடுத்த வருடம் நடத்த யார் வருவார்கள்? ஓட்டமே இல்லாமல் போவதற்கு, குறையோடு ஒரு ஓட்டம் இருப்பது நல்லதில்லையா?

ராயக்கோட்டை ரோடு
மே 2, காலை 7:55

@பர்கூர் மாந்தோப்பு, நீங்கள் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. மெடல் இல்லாததை இன்றே மறந்துவிடுவேன். டி-ஷர்ட் அளவு மாறியதை நான் எழுதக்கூட இல்லை. பொங்கல் தீர்ந்ததும் போகட்டும்.

தண்ணீர் அந்தக் கணக்கில் சேராது. கல்யாணத்தில் பந்தி சரியில்லை என்றால் குறை சொல்லிவிட்டு வந்துவிடலாம். இங்கே ஆளை ரோட்டில் விட்டுவிட்டு டேபிளை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள். காசு இல்லாத குறையும் இல்லை. மேடையில் பதினெட்டுப் பொன்னாடை எண்ணினேன். ஒரு பொன்னாடை விலைக்கு எத்தனை கேன் தண்ணீர் வரும்?

தர்மபுரி நர்ஸ்
மே 2, மதியம் 1:40

என் கணவர் ஓடினார், நான் ஃபினிஷில் காத்திருந்தேன். 9:20 போல ஒருவர் கோட்டுக்கு நூறு மீட்டர் முன்னால் தள்ளாடி விழுந்தார். முப்பது வயதுதான் இருக்கும். ஓடிப் போய்ப் பார்த்தேன். தோல் நெருப்பாகக் கொதித்தது. பெயர் கேட்டால் சம்பந்தமில்லாமல் பேசினார். வெயிலில் மயங்கியவர் தடுமாறிப் பேசினால் அதைச் சாதாரண மயக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து.

சுற்றிலும் முப்பது பேர் கூடி நின்று காற்றை மறைத்தார்கள். ஒருவர் வாயில் சோடா ஊற்றப் போனார். தடுத்தேன். நினைவு தெளிவில்லாதவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுத்தால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. 108-க்குக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தோம். அதுவரை நிழலுக்குத் தூக்கிப்போய், ஷூவையும் பனியனையும் கழற்றி, துண்டுகளை நனைத்து உடம்பு முழுக்கப் போட்டு, அட்டையால் விசிறினோம். அந்தத் தண்ணீரும் பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து வந்தது. இப்படிப்பட்டவரை முதலில் குளிர வைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வண்டி ஏற்ற வேண்டும். ஃபினிஷ் பக்கத்தில் ஒரு பெரிய டப்பில் ஐஸ் தண்ணீர் வைத்திருந்தால் கழுத்து வரை இறக்கியிருக்கலாம். அதைவிட வேகமாகச் சூட்டை இறக்கும் வழி கிடையாது. டப், ஐஸ் இரண்டும் சேர்ந்து எவ்வளவு செலவாகிவிடும்?

வண்டி வருவதற்குள் பெயர் சொன்னார். மாலையில் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அவருக்கு ஆயுசு கெட்டி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பயந்துபோய் எல்லோரும் இனிமேல் லிட்டர் லிட்டராகக் குடிக்க ஆரம்பிக்க வேண்டாம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு அப்படி இறங்கியிருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள், நீண்ட ஓட்டத்தில் ஓ.ஆர்.எஸ். கலந்து வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி.

எண்பதுகளின் ஓட்டம்
மே 2, மாலை 5:15

நானும் ஒரு காலத்தில் மாவட்ட அளவில் ஓடியவன். அப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் ஒரே மாவட்டம். வாட்ச் கிடையாது, ஷூ கிடையாது, வழியில் தண்ணீர் என்ற பேச்சே கிடையாது. தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும் என்று மாஸ்டர் குடிக்க விடமாட்டார். நாங்கள் ஓடவில்லையா? உடம்பைப் பழக்க வேண்டும். இன்றைய பிள்ளைகள் எல்லாவற்றையும் எதிர்பார்க்கிறார்கள்.

ஊத்தங்கரை டீச்சர்
மே 2, இரவு 8:45

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மதிப்புக் கொடுத்தே சொல்கிறேன். நான் வரலாறு எடுப்பவள். நீங்கள் சொன்ன அதே எண்ணத்தோடு ஒரு ஒலிம்பிக் மாரத்தானையே நடத்தியிருக்கிறார்கள்.

1904, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ். ஆகஸ்ட் 30, பிற்பகல் மூன்று மணி, முப்பது டிகிரிக்கு மேல் வெயில், புழுதி ரோடு. தாகம் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்கும் எண்ணமும் நடத்தியவர்களுக்கு இருந்தது. கிட்டத்தட்ட 40 கிலோமீட்டருக்கு வழியில் ஓரிரு இடத்தில்தான் தண்ணீர். 32 பேர் கிளம்பினார்கள், 14 பேர்தான் முடித்தார்கள். ஒருவருக்குக் கார்கள் கிளப்பிய புழுதி உள்ளே போய் ரத்தக் கசிவு, சாகப் பிழைக்கக் கிடந்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு வீரரை நாய் துரத்தி வழியிலிருந்து விலக வைத்தது. வென்ற தாமஸ் ஹிக்ஸ் தண்ணீர் கேட்டபோது கொடுக்காமல், ஸ்ட்ரிக்னைன் என்ற விஷ மருந்தையும் பிராந்தியையும் முட்டையின் வெள்ளைக்கருவையும் கொடுத்து ஓட வைத்தார்கள். அவருடைய நேரம் 3 மணி 28 நிமிடம் 53 விநாடி. அவரைக் கோட்டில் கிட்டத்தட்டத் தாங்கிப் பிடித்துத்தான் கொண்டுவந்தார்கள்.

அவர்களில் சிலர் நன்றாகப் பழகிய ஓட்டக்காரர்கள். தாகத்தைப் பழக்கிக்கொள்ள முடியும் என்றால் அவர்களால் முடிந்திருக்கும். நீங்கள் அன்று ஓடி முடித்தீர்கள் ஐயா, சந்தோஷம். உங்களோடு ஓடி மயங்கி விழுந்து, அதோடு ஓட்டத்தையே விட்டவர்கள் யாரும் இல்லையா?

எண்பதுகளின் ஓட்டம்
மே 2, இரவு 9:20

இருந்தார்கள் அம்மா. என் கூட்டாளி ஒருவன். நீங்கள் கேட்டதும் முகம் ஞாபகம் வந்துவிட்டது.

காவேரிப்பட்டணம் லோடு வண்டி
மே 2, இரவு 10:30

நான் ஓடுகிறவன் இல்லை, அன்று காலை அந்த ரோட்டில் வண்டி ஓட்டியவன். மாங்காய் சீசன் ஆரம்பம். லோடு ஏற்றிக்கொண்டு சர்வீஸ் ரோட்டில் வந்தால் எதிரே ஆட்கள் ஓடி வருகிறார்கள். ரோட்டை மூடவும் இல்லை, கோன் வைக்கவும் இல்லை, சொல்லவும் ஆள் இல்லை. பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு கார் இடது ஓரமாகவே வந்தது. ஒரு பொம்பளை ஜல்லியில் குதித்துத் தப்பித்தாங்க. என் கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆச்சு. ஏதாவது ஆகியிருந்தால் டிரைவர் மேல்தான் கேஸ்.

எங்கள் ஊர்ப் பக்கம் எருது விடும் விழா நடத்துகிறோம். 2017-ல் ஜல்லிக்கட்டுச் சட்டம் வந்த பிறகு கலெக்டர் அனுமதி வாங்க வேண்டும், இரண்டு பக்கமும் தடுப்புக் கட்ட வேண்டும், டாக்டர், கால்நடை டாக்டர், ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும். அதிகாரிகள் வந்து பார்த்த பிறகுதான் மாடு விடுவோம். சிரமம்தான், ஆனால் விழாக்குழு அத்தனையும் செய்கிறது. காளைக்குத் தொட்டியில் தண்ணீர் வைத்துக் காத்திருப்போம். மனுஷன் ஓடுகிற ஓட்டத்துக்கு ஏன் செய்யவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

பாலக்கோடு சைக்கிள்
மே 3, காலை 6:30

தூரத்தைப் பற்றி ஓசூர் தம்பி கேட்டதற்கு வருகிறேன். வாட்ச் என்பது செயற்கைக்கோளைப் பார்த்துக் கணக்குப் போடும் கருவி. ஒரு சதவீதம் போல ஏறக்குறைய இருக்கும். பொதுவாகக் கூட்டித்தான் காட்டும், ஏனென்றால் நாம் வளைவில் குறுக்கு வழியாக ஓடுவதில்லை. 21.1-ஐ மூன்று பேர் வாட்ச்சும் 19.5 என்று காட்டினால் பாதைதான் குறைவு, சந்தேகமே வேண்டாம்.

முறையாக அளப்பதற்கு சைக்கிள்தான். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்ட்டர் என்று ஒரு எண்ணி பொருத்துவார்கள். இரும்பு டேப்பால் நேர்ரோட்டில் முந்நூறு, நானூறு மீட்டர் அளந்து குறித்து, அதில் சைக்கிளை நான்கு தடவை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று கண்டுபிடிப்பார்கள். வெயில் ஏறினால் டயரில் காற்று விரியும், கணக்கு மாறும். அதனால் அளந்து முடித்ததும் திரும்ப வந்து அதே நானூறு மீட்டரில் சரிபார்க்க வேண்டும். ஓடுகிறவர் எடுக்கக்கூடிய ஆகக் குறுகிய கோட்டில், வளைவின் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்க வேண்டும். எல்லாம் முடிந்து ஆயிரத்துக்கு ஒன்று கூட்டி வைப்பார்கள். 10 கிலோமீட்டர் என்றால் 10 மீட்டர் கூடுதல், எந்தக் காரணத்தாலும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக.

பெரிய இடத்திலும் தப்பு நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் மாரத்தான் 2013 முதல் 2015 வரை மூன்று வருடமும் 380 மீட்டர் குறைவாக இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் நேரம் செல்லாமல் போயிற்று. 2021-ல் பிரைட்டன் மாரத்தான் 568 மீட்டர் அதிகம், நடத்தியவர்கள் அன்றே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். தப்பு வருவது இயல்பு. ‘உன் வாட்ச் சரியில்லை’ என்று ஓடியவனிடம் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பர்கூர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை: உலக அத்லெட்டிக்ஸ் விதியில் ரோட்டு ஓட்டத்துக்குச் சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் தண்ணீர் என்றிருக்கிறது. இவர்கள் 3 கிலோமீட்டருக்கு ஒன்று வைத்தார்கள். காகிதத்தில் அது விதியைவிட நன்றாகவே இருந்தது.

மஞ்சள் டி-ஷர்ட்
மே 3, இரவு 11:50

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. ராயக்கோட்டை அண்ணா சொன்ன, தலையைக் குனிந்துகொண்டு நின்ற பையன் நான்தான். ஆறாவது கிலோமீட்டர் டேபிள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன், வாலண்டியராக அனுப்பினார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். என் டேபிளுக்கு நான்கு கேன் வந்தது, 80 லிட்டர். ஹாஃப் மாரத்தானில் 300 பேர். ஆளுக்கு 200 மில்லி டம்ளர் ஒன்று என்று வைத்தாலும் போகும்போதே 60 லிட்டர் தீர்ந்துவிட்டது. மீதி 20 லிட்டரை, திரும்பி வந்த முதல் நூறு பேர் குடித்துவிட்டார்கள். தலையில் ஊற்றிக்கொண்டவர்களும் உண்டு, அவர்கள்மேல் தப்பில்லை. அதே ஆட்கள் அதே டேபிளுக்குத் திரும்பி வருவார்கள் என்று கேன் கணக்குப் போட்டவர் நினைக்கவே இல்லை. 8 மணியிலிருந்து ஏழு தடவை போன் செய்தேன். வண்டி வருது, வருது என்றார்கள். வண்டி மேடைக்குச் சாப்பாடு ஏற்றப் போயிருந்தது. கையில் இருந்த 140 ரூபாய்க்கு எதிர்க் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். அதுவும் தீர்ந்த பிறகுதான் தலையைக் குனிந்தேன் அண்ணா.

தூரம் குறைந்ததும் உண்மை, யூ டர்ன் இடம் மாறியதால்தான். முந்தின நாள் இரவு வரை அணைக்கு அருகில்தான் இருந்தது. மே தின லீவு, பார்க்குக்கும் மீன் கடைகளுக்கும் காலையிலேயே வண்டிகள் வரும், அந்த இடத்தில் ரோட்டை மறிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். விடியற்காலை 4 மணிக்கு 800 மீட்டர் முன்னாலேயே கோனைப் போட்டுவிட்டார்கள். போக 800, வர 800. வேறு இடத்தில் கூட்டிச் சரிசெய்ய நேரமில்லை என்றார்கள். மைக்கில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

ஐந்தாவது கிலோமீட்டர் திருப்பத்தில் நிற்க வேண்டிய இரண்டு பேர் என் வகுப்பு நண்பர்கள். விருந்தினர்கள் கார் நிறுத்த ஆள் இல்லை என்று 6 மணிக்கு அவர்களை மைதானத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அட்டையைக் கல் வைத்து நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்கள்.

அந்தத் தங்கச்சி என் டேபிளுக்குத்தான் வந்தது. நம்பர் சிவப்பாக இருப்பதைப் பார்த்து “நீ 10 கிலோமீட்டர்தானே?” என்று கேட்டேன். நின்றுவிட்டது. “இன்னும் திரும்பலையாண்ணா?” என்று கேட்டது. தண்ணீர்கூடக் குடிக்காமல் அப்படியே திரும்பி ஓடியது. அது கேட்ட குரல் காதிலேயே இருக்கிறது. நடத்தியவர்கள் யாரும் இதை எழுதச் சொல்லவில்லை. எழுதினேன் என்று தெரிந்தாலும் பரவாயில்லை.

ராயக்கோட்டை ரோடு
மே 4, காலை 5:40

தம்பி, உன்மேல் எனக்குக் கோபம் அன்றும் இல்லை. கைக்காசைப் போட்டு பாட்டில் வாங்கியிருக்கிறாய் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்த 140 ரூபாயை நாங்கள் தர வேண்டும்.

நேற்று மாலை நடத்தியவர்களில் ஒருவரை நேரில் பார்த்துப் பேசினேன். ஓடிய 23 பேர் கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் கொடுத்தேன். அதில் பணம் திருப்பிக் கேட்கவில்லை. தூரம் குறைவு என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள், அந்தச் சிறுமிக்கு நடந்தது உங்கள் தவறு என்று அவள் பள்ளிக்கு எழுதிக் கொடுங்கள், அடுத்த முறை கடைசி ஆள் வரும்வரை டேபிளை எடுக்காதீர்கள் என்று மூன்றுதான். தூரத்தை வாயளவில் ஒப்புக்கொண்டார். எழுதித் தர முடியாது, கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவரும் மூன்று இரவு தூங்காத முகமாகத்தான் இருந்தார். அதற்காக நான் கேட்டதை விட்டுக்கொடுத்துவிட்டு வரவில்லை.

பர்கூர் மாந்தோப்பு
மே 4, காலை 8:15

மஞ்சள் டி-ஷர்ட் தம்பி எழுதியதைப் படித்த பிறகு, முதல் முயற்சி என்ற என் வாதத்தைத் தண்ணீர் விஷயத்துக்குச் சொல்ல மாட்டேன். 300 பேர் போய் 300 பேர் திரும்புவார்கள் என்பதற்கு அனுபவம் தேவையில்லை. ஆனால் ஓட்டம் நம் ஊரில் நடக்க வேண்டும் என்பதில் மாறவில்லை. கையெழுத்து 24 ஆகட்டும், என்னையும் சேருங்கள்.

ஊத்தங்கரை டீச்சர்
மே 4, இரவு 7:30

அந்தச் சிறுமியின் ஆசிரியரிடம் பேசினேன். நாம் பணம் சேர்த்து ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் அவளையே கேட்டுச் சொன்னார். வேண்டாம் என்கிறாள். அன்று கேட்ட அதே கேள்விதான்: “10 கிலோமீட்டர் எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிஞ்சா போதும் மிஸ்.” மாவட்டப் போட்டிக்குப் பயிற்சி செய்கிறவள். இதுவரை அளந்த ரோட்டில் ஓடியதே இல்லை.

பாலக்கோடு சைக்கிள்
மே 4, இரவு 8:00

அது நம்மால் முடியும். ஞாயிறு விடியற்காலை நான்கு மணிக்கு ஏரி எதிரே சர்வீஸ் ரோட்டில் சைக்கிளோடு வருகிறேன். ஒரு பக்கம் 5 கிலோமீட்டர், 5 மீட்டர் கூட்டி, திருப்பத்தில் பெயின்ட் அடித்துவிடலாம். இரும்பு டேப் 50 மீட்டர் இருக்கிறது, பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அடுத்த ஞாயிறு 5:15-க்கு ஓட்டம். 6 மணிக்குள் முடிந்துவிடும், வெயிலே தெரியாது.

ஓசூர் ஷிப்ட்
மே 4, இரவு 8:10

டேப் பிடிக்க நான் வருகிறேன். சனி நைட் ஷிப்டை மாற்றிக்கொள்கிறேன். ஓட்டத்தன்று வேகத்துக்குக் கூட ஓடவும் தயார், ஆனால் அந்தப் பொண்ணு என்னைவிட வேகம் என்று நினைக்கிறேன்.

தர்மபுரி நர்ஸ்
மே 4, இரவு 8:40

அடுத்த ஞாயிறு எனக்கு லீவு. தண்ணீர், ஓ.ஆர்.எஸ்., ஒரு டப், ஐஸ் என்னுடையது. அவள் ஒருத்திக்காக மட்டும் இல்லை, யார் வந்தாலும் கடைசி ஆள் வரும்வரை இருப்பேன்.

காவேரிப்பட்டணம் லோடு வண்டி
மே 4, இரவு 9:05

பின்னால் வண்டியை மெதுவாக ஓட்டி, இன்டிகேட்டர் போட்டுக்கொண்டு வருகிறேன். எந்த வண்டியும் பொண்ணை நெருங்காது.

மஞ்சள் டி-ஷர்ட்
மே 4, இரவு 9:25

ஐந்தாவது கிலோமீட்டர் திருப்பத்தில் நான் நிற்கிறேன்.

ஊத்தங்கரை டீச்சர்
மே 4, இரவு 9:50

அவளிடம் சொல்லிவிட்டேன். ஷூ வேண்டாமாம், பழக்கமில்லை, வெறுங்காலிலேயே ஓடுகிறேன் என்கிறாள். அந்த ரோட்டில் ஜல்லி எங்கெங்கே கிடக்கிறது என்று கேட்டாள்.

ராயக்கோட்டை ரோடு
மே 4, இரவு 10:00

ஏரிக்கு எதிரே முதல் நானூறு மீட்டரில் இடது ஓரம் முழுக்க ஜல்லி. அதற்குப் பிறகு கல்வெர்ட் பக்கம் கொஞ்சம். தினம் ஓடுகிற ரோடு, எனக்குத் தெரியும். சனிக்கிழமை மாலை நானும் என் பையனும் போய்ப் பெருக்கிவிடுகிறோம். அம்மாவும் வருகிறேன் என்கிறார்கள்.